மட்டக்களப்பில் வீட்டிலேயே கணினி பொருத்துபவர்கள் கேட்கும் கேள்விகள்

கணினி பொருத்துவது எப்படி என்று காட்டும் காணொளிகள் ஆயிரம் உண்டு. பார்த்துச் செய்தால் பாகங்கள் சரியாகவே பொருந்தும். ஆனால் சுவரில் எர்த் இல்லாத பிளக், கடலிலிருந்து வரும் உப்புக் காற்று, பின்னேர இடி மின்னல் இவற்றைப் பற்றி அந்தக் காணொளிகள் பேசுவதில்லை. காத்தான்குடி, கல்லடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்துக் கணினிகள் பழுதாவது பெரும்பாலும் இவற்றால்தான். அதனால் இந்தப் பக்கத்தில் கரண்டுக்கும் ஈரத்துக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

மகன் உயர்தரம் படிக்கிறான், கணினி கேட்கிறான். பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தினால் மலிவா?

எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. எழுத்து வேலை, இணைய வகுப்பு, கொஞ்சம் புரோகிராமிங் என்றால் பாவித்த அலுவலகக் கணினி ஒன்று பாதி விலையில் முடிந்துவிடும். வாங்கும்போது இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரா என்று மட்டும் பாருங்கள். அதற்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

இந்த அலுவலகக் கணினிகளில் ஒரு சிக்கல் உண்டு. டெல், எச்பி போன்றவற்றின் பல மாடல்களில் மதர்போர்டும் பவர் சப்ளையும் அவர்களுக்கே உரிய அளவில், அவர்களுக்கே உரிய பின்களோடு வரும். பவர் சப்ளை போனால் கடையில் கிடைக்கும் சாதாரணமானது அதில் பொருந்தாது. கேம், வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம் என்று பின்னால் வளர்க்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே பாகம் பாகமாக வாங்குங்கள்.

பணம் குறைவு. எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது?

பவர் சப்ளையில் மட்டும் குறைக்காதீர்கள். கேசிங்கோடு சேர்த்து இலவசமாக வரும் பவர் சப்ளையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. லேபிளில் 500 வாட் என்று எழுதியிருக்கும், உள்ளே அந்த அளவுக்குச் சரக்கு இருக்காது. அது போகும்போது மதர்போர்டையும் சேர்த்து எரித்துவிடலாம். மின் சிக்கனத்தைக் காட்டும் 80 பிளஸ் முத்திரையுள்ள, பெயர் தெரிந்த நிறுவனத்தின் ஒன்றை எடுங்கள். விஜிஏ கார்ட் (கிராபிக்ஸுக்கான தனிக் கார்ட்) இல்லாத கணினிக்கு 450 வாட் தாராளம். நடுத்தர விஜிஏ கார்ட் போட்டால் 550 முதல் 650 வரை போதும்.

சில மலிவான பவர் சப்ளைகளின் பின்பக்கம் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். நமது கரண்ட் 230 வோல்ட். சுவிட்ச் 115இல் இருக்கும்போது பிளக்கைப் போட்டால் ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் இதைப் பாருங்கள்.

கேசிங்கின் அழகு விளக்குகள், விலை கூடிய ரேம், தேவைக்கு மேற்பட்ட மதர்போர்ட் இவற்றில் குறைக்கலாம். ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு எஸ்எஸ்டி வாங்குங்கள். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

புரொசசரின் சொக்கெட்டும் மதர்போர்டின் சொக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4 சொக்கெட், ரைசன் 7000க்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஏஎம்5. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ 1700. ரேமில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் சிலொட்டில் மற்றது போகாது. எல்ஜிஏ 1700 போர்டுகள் இரண்டு வகை ரேமுக்கும் தனித்தனியே வருகின்றன. அதனால் போர்டின் பெயரை முழுதாக வாசித்துவிட்டு வாங்குங்கள்.

புரொசசரின் பெயரில் கடைசி எழுத்தும் முக்கியம். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5600இலும் இல்லை, 5600ஜியில் உண்டு. இது தெரியாமல் விஜிஏ கார்ட் இல்லாமல் பொருத்திவிட்டு, மொனிட்டரில் ஒன்றும் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

இங்கேயே வாங்குவதா, கொழும்புக்குப் போவதா?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்துக்குள் பல கடைகளில் விலை கேட்கலாம், தெரிவும் கூட. ஆனால் ஒரு பாகம் பழுதென்றால் அதைத் திரும்பக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நான் சொல்வது இதுதான்: பவர் சப்ளை, மொனிட்டர், யூபிஎஸ் போன்ற பாரமானவற்றையும் அடிக்கடி வாரன்டி தேவைப்படுபவற்றையும் உள்ளூரில் வாங்குங்கள். புரொசசர், ரேம், எஸ்எஸ்டி சிறியவை, பழுதாவதும் குறைவு. அவற்றைக் கொழும்பில் பார்க்கலாம்.

பொருத்திய கணினியையே கொண்டுவருவதாக இருந்தால் விஜிஏ கார்டைக் கழற்றித் தனியே பொதி செய்யுங்கள். பெரிய கூலர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். ராத்திரி பஸ் என்றாலும் உதயதேவி ரயில் என்றாலும், பல மணித்தியாலக் குலுக்கலில் பாரமான கார்ட் மதர்போர்டின் சிலொட்டைப் பிளந்துவிடும்.

கேசிங்கைத் தொட்டால் விறுவிறு என்று கரண்ட் அடிக்கிறது. பவர் சப்ளை பழுதா?

அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலும் பவர் சப்ளை பழுதில்லை, உங்கள் பிளக்கில் எர்த் இல்லை.

பவர் சப்ளைக்குள் கரண்டின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று லைனிலிருந்து எர்த்துக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. எர்த் வயர் நிலத்துக்குப் போகிறது என்றால் கசியும் சொற்பக் கரண்ட் அதன் வழியே போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கேசிங்கின் இரும்பு இரண்டுக்கும் நடுவே தொங்கும், அதாவது ஏறத்தாழ 115 வோல்ட்டில். கசிவு மிகச் சிறியது என்பதால் விறுவிறு என்று மட்டும் இருக்கும். ஈரக் காலோடு சீமெந்துத் தரையில் நின்று தொட்டால் நன்றாகவே தெரியும். டெஸ்டரை வைத்தால் அதன் விளக்கும் எரியும்.

"லேசாகத்தானே அடிக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு உண்மையாகவே லைன் வயர் கேசிங்கில் பட்டால் கரண்ட் போவதற்கு வேறு வழி இருக்காது, தொடுபவரின் உடம்பு வழியேதான் போகும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கணமே ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். எர்த் இல்லாத வீட்டில் யாராவது தொடும் வரைக்கும் அது விழாது. கணினிக்கும் கேடுதான். டிஷ் அன்டனா வயர் பூட்டிய டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது சின்னப் பொறி பறந்து போர்ட் போன கதைகள் இதனால் வருபவை.

என்ன செய்யலாம்? முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டரில் செருகியிருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள். எர்த் துவாரத்தில் பேனை மூடியைக் குத்தித் திறந்து இரண்டு முள்ளைச் செருகும் பழக்கமும் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயருக்குள் மூன்று வயர் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவற்றில் மூன்று துவாரம் இருக்கும், உள்ளே இரண்டு வயர்தான் ஓடும். இவை எல்லாம் சரியென்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, வீட்டுக்கு வெளியே அடித்திருக்கும் எர்த் கம்பியை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நமது மணல் தரை வெயிற்காலத்தில் காய்ந்துவிடும், கட்டையான கம்பிக்கு அப்போது பிடிப்பே இருக்காது. கம்பி ஈரம் இருக்கிற ஆழம் வரை போக வேண்டும். கிளம்பில் உப்புத் துருவும் பிடித்திருக்கலாம்.

எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயிலோ நியூட்ரலிலோ நீங்களே கட்டாதீர்கள். அது உயிராபத்து.

யூபிஎஸ் கட்டாயமா? எத்தனை விஏ?

கட்டாயம் என்றே சொல்வேன். 650 விஏ என்று எழுதியதைப் பார்த்து 650 வாட் என்று நினைக்க வேண்டாம். அந்த அளவில் பெரும்பாலானவை 360 வாட் அளவுதான் தாங்கும். விஜிஏ கார்ட் இல்லாத கணினிக்கும் மொனிட்டருக்கும் அது போதும். விஜிஏ கார்ட் இருந்தால் 1000 விஏக்கு மேலே போங்கள். லைன் இன்டராக்டிவ் வகை வாங்கினால் வோல்ட் ஏறி இறங்குவதையும் ஓரளவு சமாளிக்கும்.

யூபிஎஸ் தருவது வேலையைச் சேமித்துவிட்டு நிறுத்துவதற்கான சில நிமிடங்கள். படம் பார்க்க அல்ல. 2022இல் சில நாட்களில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தைப் போல, தினமும் பற்றரியை அடி வரைக்கும் இறக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும். நல்லபடி பாவித்தாலும் நமது சூட்டில் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டிவரும். லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் பூட்டாதீர்கள், அது சூடாகும்போது இழுக்கும் கரண்டை யூபிஎஸ் தாங்காது.

கரண்ட் போகும் அந்தக் கணத்தில் யூபிஎஸ் இருந்தும் கணினி நின்றுவிட்டால் முதலில் பற்றரியைச் சோதியுங்கள். பற்றரி நல்லதென்றால், யூபிஎஸ் தரும் கட்டம் கட்டமான மின் அலையைச் சில நல்ல பவர் சப்ளைகள் ஏற்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம். தூய சைன் அலை தரும் யூபிஎஸ்தான் அதற்குத் தீர்வு.

இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை நிறுத்தினால் போதாதா?

போதாது, பிளக்கையே கழற்றுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் கறுத்து வரும்போதே கழற்றிவிடுவது நல்லது. பழைய செப்புத் தொலைபேசி வயரில் வரும் இணையம் என்றால் அந்த வயரையும் ரவுட்டரிலிருந்து கழற்ற வேண்டும். அதன் வழியே ஏறும் மின்னல் லேன் கேபிளுக்குள் வந்து மதர்போர்டின் லேன் போர்ட்டைக் கொன்றுவிடும். பைபர் இணைப்பில் அந்த வழி இல்லை. ஆனால் ரவுட்டருக்கும் ஒரு பிளக் இருக்கிறதே, அதையும் கழற்றுங்கள்.

பொருத்தும்போது எந்த ஒழுங்கில் போவது?

மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, புரொசசர், ரேம், எம்.2 எஸ்எஸ்டி, கூலர் நான்கையும் முதலில் பூட்டுங்கள். கேசிங்குக்குள் போகும் முன்னரே பவர் சப்ளையை இணைத்து ஒருமுறை உயிர் வருகிறதா என்று பார்ப்பது என் பழக்கம். பழுது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்போது பவர் பட்டன் இருக்காது. போர்டில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும்.

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். பின்பக்கப் போர்ட்டுகளுக்கான ஐஓ தகட்டைப் போர்டுக்கு முன்னரே கேசிங்கில் அழுத்திப் பூட்டுங்கள். கேசிங்கில் பித்தளைக் குமிழ்கள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று இருந்தாலும் போர்டின் அடியில் பட்டு ஷோர்ட் ஆகும்.

பழைய பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிள்களை வேறு கம்பெனிப் பவர் சப்ளையில் போடவே கூடாது. முனை பொருந்தும், ஆனால் உள்ளே வயர் ஒழுங்கு வேறாக இருக்கும். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் அதிலிருக்கும் தகவலோடு எரிந்துவிடும்.

விசிறி சுற்றுகிறது, மொனிட்டரில் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

பதறிப்போய் எதையும் மாற்றவோ வாங்கவோ வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மொனிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? விஜிஏ கார்ட் இருந்தால் அதில்தான் செருக வேண்டும், மேலே மதர்போர்டில் அல்ல. மொனிட்டரின் இன்புட் எச்டிஎம்ஐயிலா இருக்கிறது? சரி, அடுத்து புரொசசருக்கான 8 பின் கேபிள். போர்டின் இடது மேல் மூலையில் அதற்கான இடம் இருக்கும். 24 பின்னைப் பூட்டிவிட்டு இதை மறந்தால் விசிறிகள் எல்லாம் சுற்றும், படம் மட்டும் வராது. விஜிஏ கார்டுக்கும் தனிக் கேபிள் தேவைப்படலாம். அதன் 8 பின்னும் புரொசசரின் 8 பின்னும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேறு வேறு. 4+4 ஆகப் பிரிவது புரொசசருக்கு, 6+2 ஆகப் பிரிவது விஜிஏ கார்டுக்கு.

அதற்கும் வரவில்லையென்றால் ரேம். நான்கு சிலொட் போர்டில் ஒரேயொரு ரேமைப் புரொசசரிலிருந்து இரண்டாவது சிலொட்டில் போடுங்கள். இரு பக்கமும் கிளிக் என்று விழும் வரை அழுத்துங்கள். புதியவர்கள் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மெதுவாக அழுத்துவார்கள், ஒரு பக்கம் அரைவாசி வெளியே நிற்கும். படம் வராததற்கு நான் அடிக்கடி காணும் காரணம் இதுதான். பாவித்த ரேம் என்றால் அதன் பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூசியைத் தட்டிவிட்டுப் போடுங்கள். கடலோர வீடுகளில் அந்தப் பற்களில் மங்கலான படலம் படியும், தேய்த்ததும் உயிர் பெறும் கணினிகள் பல.

பல போர்டுகளில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறிய விளக்குகள் உண்டு. எதில் எரிந்து நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. சிபியூ விளக்கு நிற்கிறது, போர்ட் பி450 போன்ற பழையது, புரொசசர் ரைசன் 5000 என்றால் பயோஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) பழையதாக இருக்கலாம். போர்டின் பின்பக்கம் பயோஸ் பிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பென் டிரைவ் மூலம் நீங்களே புதுப்பிக்கலாம். இல்லையென்றால் பழைய ரைசன் ஒன்றைக் கடையில் போட்டுப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, பிளக்கைக் கழற்றி, போர்டிலுள்ள வட்டப் பற்றரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பயோஸ் பழைய நிலைக்கு வரும்.

டிடிஆர்5 ரேம் போட்டேன். முதல் முறை கறுப்புத் திரையிலேயே நிற்கிறதே?

பொறுங்கள், நிறுத்திவிடாதீர்கள். முதல் முறை போர்ட் ரேமைப் பழக்கிக்கொள்ளும். ஏஎம்5 போர்டுகளில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம்.

பட்டனை அழுத்தினால் ஒரு கணம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது.

எங்கோ ஷோர்ட். மேலே சொன்ன பித்தளைக் குமிழ், உள்ளே விழுந்த ஸ்குரூ, வளைந்த யூஎஸ்பி போர்ட் இவற்றைப் பாருங்கள். போர்டை வெளியே எடுத்து அட்டைப் பெட்டி மேல் வைத்தால் ஓடுகிறது என்றால் கேசிங்கில்தான் பிழை. சில செக்கன் ஓடி நின்றால் கூலர் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

விண்டோஸ் போடும்போது எஸ்எஸ்டியைக் காட்டவில்லை.

பயோஸில் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டியை என்விஎம்இ மட்டும் ஏற்கும் சிலொட்டில் போட்டிருக்கலாம். பயோஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால், இன்டெல் 11ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் விஎம்டி என்ற அமைப்பு காரணமாக இருக்கலாம். அதைப் பயோஸில் நிறுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள். விண்டோஸ் 11 போட முடியாது என்று சொன்னால் பயோஸில் டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பை இயக்குங்கள். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருக்கும்.

இணையம் கேட்டு நின்றால், லேன் டிரைவர் இல்லை என்று அர்த்தம். கைபேசியை யூஎஸ்பி கேபிளில் பூட்டி டெதரிங்கைப் போடுங்கள், அநேகமாக வேலை செய்யும்.

நம் சூட்டுக்கு எத்தனை பாகை வரை பரவாயில்லை?

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே 33, 34 பாகையில் இருக்கும். அதனால் குளிர் நாட்டுக்காரர் சொல்லும் எண்ணை உங்கள் கணினியில் எதிர்பார்க்காதீர்கள். சும்மா இருக்கும்போது 45, 50, கடும் வேலையில் 85 என்றால் கவலை வேண்டாம். ரைசன் 7000 வரிசை 95 வரை போவதற்கே வடிவமைக்கப்பட்டது. ஆனால் சும்மா இருக்கும்போதே 80க்கு மேல் என்றால் கூலரைக் கழற்றிப் பாருங்கள், அந்தப் பிளாஸ்டிக் தாள் இன்னும் இருக்கலாம். கச்சான் கொண்டுவரும் தூசியை வடியில் பிடித்துக் கழுவ, முன்பக்கம் கழற்றக்கூடிய வலை உள்ள கேசிங் வாங்குங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் வீடு. மழைக்காலத்தில் எப்படிக் காப்பது?

ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மாரியில் நாட்கணக்கில் மூடி வைப்பதைவிட, இடி இல்லாத நேரத்தில் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுவது நல்லது. உள்ளே எழும் சூடே ஈரத்தை விரட்டும். சூடாக இருக்கும்போது பொலித்தீன் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும், துணியால் மூடுங்கள். கேசிங்கைத் தரையில் வைக்க வேண்டாம், வெள்ளம் வரும் ஒழுங்கை என்றால் மேசைக்கு மேலேயே வையுங்கள்.

தண்ணீர் புகுந்துவிட்டால் காய்ந்ததும் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வட்டப் பற்றரியைக் கழற்றி, போர்டுகளைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, நிழலில் பல நாள் உலர்த்தினால் சிலவேளை தப்பும். பவர் சப்ளையை மட்டும் திரும்பப் பாவிக்காதீர்கள்.

இடையிடையே நீலத் திரை வருகிறது.

பயோஸில் ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போட்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுவதும் ஓடவிட்டு ரேமைச் சோதியுங்கள். பாவித்த இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்கியிருந்தால் பயோஸைக் கட்டாயம் புதுப்பியுங்கள். அவை கூடிய வோல்ட் எடுத்துக் கெட்டுப்போகும் கோளாறுக்கு இன்டெல் 2024இல் திருத்தம் வெளியிட்டது. ஏற்கெனவே கெட்டுப்போனதை அந்தத் திருத்தம் மீட்காது.

பாமினியில் தட்டச்சுப் பழகியவர் நான். புதுக் கணினியில் யுனிகோடில் எழுத முடியுமா?

முடியும். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளைப் போட்டு அதில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்யுங்கள். விரல்கள் பழகிய இடத்திலேயே போகும், எழுத்து யுனிகோடில் விழும்.

வாரன்டிக்கு என்ன வைத்திருக்க வேண்டும்?

பில், பெட்டிகள், பாகத்திலுள்ள தொடர் இலக்கத்தின் படம். வெப்பத்தாளில் அடித்த பில் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். கடைக்காரர் ஒட்டிய சிறிய ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம். எரிந்த தடமோ துருவோ கண்டால் பல கடைகள் வாரன்டியை மறுக்கும். எர்த்தைச் சரிசெய்ய எலக்ட்ரீசியனுக்குக் கொடுக்கும் கூலியைச் செலவென்று பார்க்காமல், கணினியின் விலையிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.